கல் சுமந்த வீட்டில் கணக்குப் போட ஒரு பிள்ளை



திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி பக்கமிருந்து நம்மில் பலர் மதுரைக்குச் சித்தாள் வேலைக்குப் போகிறோம். கல் சுமக்கிறோம், கலவை தூக்குகிறோம். ஆனால் எத்தனை கல் வேணும், எத்தனை மூட்டை சிமெண்ட் ஆகும், மொத்தச் செலவு என்ன என்று கணக்குப் போடுபவர் வேறொருவர். அந்த வேலைக்குப் பெயர் குவாண்டிட்டி சர்வே. கட்டிட அளவுக் கணக்கு என்று சொல்லலாம். இம்மாதம் அதைப் பார்ப்போம்.

ஒரு சின்னக் கணக்கு

சுவரின் நீளம் 3 மீட்டர், உயரம் 3 மீட்டர், கனம் 20 செ.மீ. பெருக்கினால் 1.8 கன மீட்டர். 19 x 9 x 9 செ.மீ. அளவுள்ள செங்கல் என்றால், கலவையோடு சேர்த்து 1 கன மீட்டருக்கு 500 கல் பிடிக்கும். ஆக 900 கல். அதே சுவரில் 1 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரத்தில் வாசல் வந்தால் 0.4 கன மீட்டரைக் கழிக்கணும். 200 கல் குறைந்து 700 கல் ஆகும். உடைசலுக்குக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம். வாசலைக் கழிக்காமல் விட்டால் நஷ்டம் யாருக்கு? குழுவில் கடன் வாங்கி வீடு கட்டும் நமக்குத்தானே!

எங்கே படிக்கலாம்?

சிவில் படிப்பில் இது ஒரு பாடம். 10-ஆம் வகுப்பு முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் 3 வருட டிப்ளமோ சேரலாம். மதுரையில் அரசு தமிழ்நாடு பாலிடெக்னிக் இருக்கிறது. டிப்ளமோ முடித்தபின் பி.இ. 2-ஆம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். 1957-இல் தொடங்கிய தியாகராசர் பொறியியல் கல்லூரியில் பி.இ. சிவில் உண்டு.

உதவி என்ன?

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்காக 2022-இல் புதுமைப் பெண் திட்டம் வந்தது. மேற்படிப்புக்கு மாதம் 1,000 ரூபாய். 1994-இல் அமைந்த கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்த தொழிலாளரின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி உண்டு. பதிவு அட்டையைப் புதுப்பித்து வைத்திருக்கிறோமா?

"பொம்பளப் பிள்ளை வெயில்ல நிக்கணுமா?" என்று வீட்டில் கேட்பார்கள். நாம் நிற்கவில்லையா? இதில் பாதி வேலை அளப்பது, பாதி வேலை ஆபீசில் கம்ப்யூட்டரில். படித்த உடனே பெரிய சம்பளம் வந்துவிடாது என்பதும் உண்மை. சில வருட அனுபவம் சேரச் சேரத்தான் ஏறும்.

அடுத்த கூட்டத்தில்

10-ஆம் வகுப்பு படிக்கும் மகள் யார் யார் வீட்டில் இருக்கிறாள் என்று எழுதுவோம். மேலே உள்ள சுவர்க் கணக்கை அவளையே வந்து போட்டுக் காட்டச் சொல்வோம்.