ஊரைப் பூட்டும் அதிகாரம் எதுவரை?

இந்த மாதப் பாடத்துக்கு ஒரே கேள்விதான். பொது சுகாதாரத்துக்காக அரசாங்கம் நம்மை வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொல்லலாமா? "அரசாங்கம் சொன்னா கேட்கணும்" என்பார் ஒருவர். "அது என் உரிமை" என்பார் இன்னொருவர். நம் அரசியலமைப்பு இந்த இரண்டு பேரையும் முழுசா ஏற்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

பிரிவு 9, குடிமக்கள் நாடு முழுக்க நடமாடும் உரிமையைத் தருகிறது. பொது சுகாதாரத்துக்கான சட்டத்தால் அதைக் கட்டுப்படுத்தலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. பிரிவு 11 சமய உரிமை. அதன் 5ஆவது உட்பிரிவிலும் பொது சுகாதாரம் வருகிறது. எனவே, நோய்ப் பரவலின்போது கோயிலை மூடச் சொன்னதாலேயே சமய உரிமை பறிபோனதாக ஆகாது. 2020 மார்ச் 18இல் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக்கு, 1988ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம், அதாவது சட்டம் 342, அடிப்படையாக இருந்தது.

அப்படியானால் அரசாங்கம் எதையும் செய்யலாமா? கூடாது. 2010இல் சிவராசா ராசையா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் ஓர் அளவுகோலை எடுத்துச் சொன்னது. நோக்கம் முக்கியமானதா? நடவடிக்கைக்கும் நோக்கத்துக்கும் தொடர்பு உண்டா? தேவைக்கு மேல் கட்டுப்படுத்துகிறதா? இதோடு நாம் இன்னொன்றும் கேட்கலாம்: இது எப்போது முடியும், அதுவரை யார் கணக்குக் கேட்பது?

நம்ம ஜொகூரில் நடந்தது

நாட்டிலேயே முதல் கடுமையான கட்டுப்பாட்டு ஆணை, குளுவாங் மாவட்டம் சிம்பாங் ரெங்கத்தில் உள்ள இரண்டு குடியிருப்புகளுக்குத்தான் போடப்பட்டது. சுமார் 650 வீடுகள், 3,570 பேர். யாரும் வெளியே போகக்கூடாது. கேட்கவே கஷ்டமா இருக்கும். ஆனால் நோய் பரவிய இடத்துக்கு மட்டும் ஆணை. முதலில் மார்ச் 27 முதல் ஏப்ரல் 9 வரை என்று தேதி சொன்னார்கள். உணவை சமூக நல இலாகா தரும் என்றும் அறிவித்தார்கள். வீட்டை விட்டு வராதே என்பவர் சோற்றுக்கும் பொறுப்பேற்க வேண்டும். கட்டுப்பாட்டின் நியாயம் அங்கேதான் இருக்கிறது.

2021ஐப் பாருங்கள். ஜனவரியில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது, நாடாளுமன்றம் கூடவில்லை. மார்ச் 11 முதல் தனிநபருக்கான அபராதத்தின் உச்சவரம்பு 1,000 வெள்ளியிலிருந்து 10,000 வெள்ளியானது. அப்போது நகரங்களில் குறைந்தபட்சச் சம்பளம் 1,200 வெள்ளி. எட்டு மாதச் சம்பளம் கொடுத்தாலும் போதாது! இதைக் கேள்வி கேட்க வேண்டிய மன்றம் பூட்டிக் கிடந்தது. ஜூன் 16இல் மாமன்னர் விரைவில் நாடாளுமன்றம் கூட வேண்டும் என்றார். ஜூலை 26இல் கூடியது. அதே ஆண்டு டிசம்பரில் சட்டம் 342க்கான தண்டனையைக் கூட்டும் மசோதா வந்தபோது, எதிர்ப்பு கிளம்பி அது தள்ளிப்போனது. ஜனநாயகம் வேலை செய்வது இப்படித்தான்.

நம் பக்கமும் பார்ப்போம்

உரிமை பேசும் நமக்கும் ஒரு வரம்பு உண்டு. என் உடல் என்னுடையது, சரி. ஆனால் நான் இருமும் காற்று பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் போகிறதே! 2022 மே 2இல் இந்திய உச்ச நீதிமன்றம், யாரையும் வலுக்கட்டாயமாகத் தடுப்பூசி போடவைக்க முடியாது என்றது. அதே தீர்ப்பில், பொது நலனுக்காக அரசு அளவான கட்டுப்பாடுகளை விதிக்கலாம் என்றும் சொன்னது. இரண்டையும் சேர்த்துப் படிக்கணும்.

சிங்கப்பூர் தன் முடக்கத்துக்கு வைத்த பெயர் 'சர்க்கிட் பிரேக்கர்'. பொறியியல் படிக்கும் எனக்கு அது பொருத்தமான பெயராகத் தெரிகிறது. ஆபத்து வந்தால் மின்சாரத்தை வெட்டத்தான் வேண்டும். பழுதைச் சரிசெய்த பிறகு, சுவிட்சை மறுபடி மேலே தள்ளவும் வேண்டும்.

கலந்துரையாட

1. தைப்பூசத்தில் காவடிக்குத் தடை, ஆனால் பேரங்காடி திறந்திருக்கிறது என்றால், மேலே சொன்ன அளவுகோலில் எந்தக் கேள்வியைக் கேட்பீர்கள்?
2. ஒரே குற்றத்துக்குப் பணக்காரருக்கும் கூலித் தொழிலாளிக்கும் ஒரே அபராதம் நியாயமா?
3. அடுத்த நோய்ப் பரவலில் நம் மன்றம் அக்கம்பக்கத்தில் என்ன பொறுப்பு எடுக்கலாம்?