முதலும் ஊதியமும்: கூட்டு முறிந்த கம்பனியில் முதலிடுதல் பற்றிய ஓர் ஆராய்வு

கல்லூரி விழா மலருக்குத் தமிழாசிரியன் ஒருவன் எழுதுவதாயின் இலக்கணமோ இலக்கியமோ எழுதுவான் என எதிர்பார்த்தல் இயல்பே. இம்முறை யான் பங்கு வாணிகம் பற்றி எழுதத் துணிந்தமைக்கு ஒரு கடிதமே காரணம். என்னிடம் கற்றுக் கனடாவிற் குடியேறிய பழைய மாணவர் ஒருவர், பல ஆண்டுகள் இரவு வேலை செய்து சேர்த்த பொருளைக் கம்பியில்லா இணையச் சேவை நடத்தும் கம்பனி ஒன்றில் இடலாமா என்று வினவியிருந்தார். அதனோடு கூட்டுச் சேரவிருந்த பெரிய நிறுவனம் விலகிவிட்டது. பங்கின் விலை பாதியாயிற்று. “மலிந்த காலத்தில் வாங்குவதன்றோ புத்தி, ஐயா?” என்பது அவர் கேள்வி.

தமிழ் கற்பித்தவனிடம் இதனைக் கேட்பானேன் என்று முதலில் எண்ணினேன். பின்னர், அவர் என் வகுப்பிற் படித்த திருக்குறளின் 47ஆம் அதிகாரமாகிய தெரிந்துசெயல்வகை நினைவுக்கு வந்தது. ஒரு செயலில் இறங்குமுன் அதனால் அழிவது யாது, ஆவது யாது, பின்னர் வரும் ஊதியம் யாது என மூன்றையும் எண்ணுக என்பது அவ்வதிகாரத்தின் முதற் கருத்து. அம்மூன்றையும் உண்மையில் நிகழ்ந்த ஒரு வரலாற்றில் வைத்து நோக்குவோம்.

கம்பியில்லா இணையம் என்பது, தெருவெங்கும் கம்பி இழுக்காமல், கோபுரத்திலிருந்து வானொலி அலை வழியாக வீடுகளுக்கு இணையத்தை அனுப்பும் முறையாகும். இத்தொழிலுக்கு இரண்டு வேண்டும். ஒன்று, குறித்த அலைவரிசையைப் பயன்படுத்த அரசு அளிக்கும் உரிமை. மற்றது, கோபுரமும் கருவிகளும். முன்னது காணி போன்றது. பின்னது அக்காணியிற் கட்டும் வீடு போன்றது. காணியை வைத்துக்கொண்டு வீடு கட்டப் பணமின்றித் தவிப்போரை நாம் ஊரிற் கண்டிருக்கின்றோம். அமெரிக்காவிற் கிளியர்வயர் என்னும் கம்பனிக்கு நேர்ந்ததும் அதுவே.

இக்கம்பனியை 2003ஆம் ஆண்டில் தொடங்கியவர் கிறெய்க் மக்கோ என்பார். இவர் தாம் வளர்த்த கைத்தொலைபேசிக் கம்பனியை 1994இல் ஏ.டி. அன்ட் டி. நிறுவனத்துக்கு விற்றுப் பெரும் பொருள் ஈட்டியவர். 2006இல் இன்டெல் நிறுவனம் கிளியர்வயரில் 60 கோடி டொலர் முதலிட்டது. 2007 மார்ச்சிற் பங்கொன்று 25 டொலர் வீதம் பொதுமக்களுக்கு விற்கப்பட்டது. கம்பனி கையாண்ட முறை வைமாக்ஸ் எனப்படும். அதன் அலைவரிசை 2.5 கிகாஹேர்ட்ஸ் அளவினது. அவ்வலை மிகுந்த செய்தியைச் சுமக்க வல்லதாயினும் நெடுந்தூரம் செல்லாது. சுவரையும் எளிதில் ஊடுருவாது. ஆதலின் கோபுரங்கள் நெருக்கமாக வேண்டும். கோபுரம் பெருகப் பெருகச் செலவும் பெருகும்.

ஸ்பிரிண்ட் என்னும் தொலைபேசி நிறுவனத்திடமும் அதே அலைவரிசையின் உரிமை மிகுதியாக இருந்தது. இரு கம்பனியாரும் நாட்டைப் பங்கிட்டுக் கோபுரம் அமைப்பதென 2007 ஜூலையில் ஓர் உத்தேச உடன்பாடு செய்தனர். நவம்பரில், விடயம் மிகச் சிக்கலானதென அறிவித்துப் பிரிந்தனர். ஜூலையில் நிகழ்ந்தது உத்தேசமேயன்றி இருவரையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தமன்று என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்க. பங்கின் விலை சரிந்தது. சரிந்த பின்னும் 10 டொலருக்கு மேலேயே நின்றது.

2008 மேயில் அவ்விருவரும் மீண்டும் கூடினர். இன்டெல், கூகுள், கொம்காஸ்ட், டைம் வார்னர் கேபிள், பிறைட் ஹவுஸ் ஆகியன 320 கோடி டொலர் தர இசைந்தன. ஆண்டிறுதியில் இணைப்பு நிறைவேறிற்று. பெரும்பான்மைப் பங்கு ஸ்பிரிண்டுக்காயிற்று. முறிந்த கூட்டுப் பொருந்தியதாதலின் இனி அச்சமில்லை என ஒருவர் கருதியிருக்கலாம். ஆயின், 2010 நவம்பரில், தொழிலைத் தொடர்ந்து நடத்த இயலுமோ என்பது ஐயத்துக்குரியது எனக் கம்பனியே தன் அறிக்கையிற் கூறிற்று. அடுத்த மாதமே வெரைசன் நிறுவனம் எல்.டி.ஈ. என்னும் வேறொரு முறையிற் சேவை தொடங்கிற்று. உலகம் அம்முறையின் பக்கம் சாய, வைமாக்ஸ் கருவிகள் பழம்பொருளாயின. 50 கோடி டொலர் இட்ட கூகுள், 2012இல் தன் பங்குகளை ஒன்று 1.60 டொலராக விற்று ஏறத்தாழ 4.7 கோடியே மீட்டது.

அவ்வாண்டு டிசெம்பரில், மீதிப் பங்குகளை 2.97 டொலர் வீதம் வாங்க ஸ்பிரிண்ட் முன்வந்தது. டிஷ் நெட்வேர்க் நிறுவனம் போட்டிக்கு வந்தமையால் விலை ஏறி, 2013 ஜூலையில் 5 டொலரில் விற்பனை முடிந்தது. 2016இல் வைமாக்ஸ் சேவை நிறுத்தப்பட்டது. 2020இல் ஸ்பிரிண்டும் டி-மொபைல் நிறுவனத்தோடு ஒன்றாயிற்று. அந்த 2.5 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையோ டி-மொபைலின் ஐந்தாந் தலைமுறைச் சேவைக்குத் தூணாயிற்று. வீடு இடிந்தது, காணி நின்றது, அதன் பயனைக் கண்டவர் வேறொருவர்.

இனி, முற்கூறிய மூன்றையும் பொருத்திப் பார்ப்போம்.

முதலாவது, அழிவது. கம்பனி ஆண்டுதோறும் செலவழிப்பது எவ்வளவு, கையிலுள்ள பணம் எத்தனை மாதத்துக்குப் போதும், கடன் தீர்க்கும் தவணை எப்பொழுது வரும் என்பவற்றை ஆண்டறிக்கையிற் காணலாம். பங்கின் விலையைப் பார்க்குமுன் இவற்றைப் பார்த்தல் வேண்டும். கம்பனி முறிந்தாற் கடன் கொடுத்தோருக்கே முதலிற் பணம் சேரும். பங்குதாரர் வரிசையின் கடைசியில் நிற்பர்.

இரண்டாவது, ஆவது. எல்லாம் போனபின் எஞ்சும் உடைமை யாது? கிளியர்வயருக்கு எஞ்சியது அலைவரிசை. அதிலும் கணிசமான பகுதி கல்வி நிறுவனங்களுக்கு உரியது. கம்பனி அதனைக் குத்தகைக்கே பெற்றிருந்தது. சொந்தக் காணியோ குத்தகைக் காணியோ என்று கேட்பது எங்கள் விவசாயிக்குத் தெரிந்த கேள்வி. முதலிடுவோனுக்கும் அதுவே கேள்வி.

மூன்றாவது, ஊதியம். அஃது யாருக்குப் போகும்? ஸ்பிரிண்டே பெரும்பங்குதாரர், அதுவே பெரிய வாடிக்கையாளர், இறுதியில் வாங்கியதும் அதுவே. இத்தகைய இடத்திற் சிறு பங்குதாரரின் குரல் ஒலிப்பதரிது. போட்டிக்கு வேறொருவர் வந்தமையாலன்றோ 2.97 டொலர் 5 டொலராயிற்று!

கூட்டு முறிந்த 2007 நவம்பரில் மலிவென்று வாங்கி 2013 வரை காத்திருந்தவர், இட்ட முதலிற் பாதியையேனும் மீட்கவில்லை. 1.60 டொலருக்கு வாங்கியவரோ மும்மடங்கு பெற்றார். எனினும், அன்று அக்கம்பனி முறிந்திருப்பினும் வியப்பில்லை. ஆதலின் அவர் ஊதியத்தை அறிவின் பயன் என்று மட்டும் கூறவியலாது. விலை பாதியாயிற்று என்பது மலிவுக்குச் சான்றாகாது. பாதியானது மீண்டும் பாதியாதல் கூடும்.

இவற்றையே மாணவருக்கு எழுதினேன். வாங்குக என்றோ வாங்கற்க என்றோ எழுதவில்லை. அதற்குரிய தகுதி எனக்கில்லை. அவர் தாம் கருதிய கம்பனியின் ஆண்டறிக்கையை எடுத்துப் படித்தார். கையிலுள்ள பணம் ஓராண்டுக்கும் போதாமையையும், அதன் பின் பெருங்கடனொன்றின் தவணை வருவதையும் கண்டார். இழந்தாலும் குடும்பத்துக்குக் குறை நேராத சிறு தொகையை மட்டும் இட்டு, எஞ்சியதை வங்கியிலேயே வைத்துக்கொண்டதாகப் பதில் வந்தது. அச்சிறு தொகை பெருகுமோ அழியுமோ யான் அறியேன். இரண்டில் எது நேரினும் அவர் வீடு தளராது என்பதை அறிவேன்.

இன்று இக்கல்லூரியிற் கற்போர் நாளை பல நாடுகளிற் பொருளீட்டுவர். வரப்போகும் ஆக்கத்தை எண்ணிக் கையிலுள்ள முதலை இழத்தல் அறிவுடையார் செயலன்று என்பதும் அவ்வதிகாரத்தின் கருத்தே. பரீட்சைக்காக மனனஞ் செய்த அப்பாடத்தை, ஒப்பமிடப் பேனா எடுக்கும் நாளில் மீண்டும் ஒருமுறை படிப்பார்களாக.