இரட்சணிய யாத்திரையின் முதலடி

அரக்கோணம் எமது சொந்த ஊர். சென்னை இராயபுரத்தினின்றும் வாலாஜா ரோடு வரையில் 1856ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாளன்று இருப்புப்பாதை திறக்கப்பட்டபோது, அப்பாதை எம்மூர் வழியே சென்றது. இன்று மேற்கே காட்பாடிக்கும், வடக்கே இரேணிகுண்டாவுக்கும், தெற்கே செங்கற்பட்டுக்கும் அங்கே பாதைகள் பிரிகின்றன. திருத்தணிக்கும் திருப்பதிக்கும் செல்லும் யாத்திரிகர் கூட்டத்தை எந்நாளும் எம்மூர் மேடையிற் காணலாம். இரயில்வே குடியிருப்பிற் பிறந்து வளர்ந்த பிள்ளைகள், எந்த வண்டி எந்நேரம் வரும், எங்கெங்கே நிற்கும் என்பவற்றை அட்டவணையைப் பாராமலே ஒப்பிப்பர். ஆயினும் வண்டியின் நேரம் அறிந்தவரெல்லாம் பிரயாணிகள் ஆகார். ஏறி அமர்ந்தவரே பிரயாணிகள். இவ்வெளிய உண்மை விசுவாச வாழ்வுக்கும் பொருந்தும் என்பதை யாம் உணர்ந்த வகையை ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

யாம் கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே ஞானஸ்நானம் பெற்றோம். ஓய்வுநாட் பாடசாலைத் தேர்வுகளிற் பரிசும் பெற்றோம். சென்ற ஆண்டு பிற சமயத்தைச் சார்ந்த எம் வகுப்புத் தோழர் ஒருவரும் யாமும் தேர்வுக்காக இரட்சணிய யாத்திரிகத்தை உடனிருந்து படித்துவந்தோம். சிலுவையடியிற் பாவச்சுமை வீழும் இடத்தைப் படித்து முடித்தவுடன் தோழர் எம்மை நோக்கி, “நீர் பிறப்பிலேயே கிறிஸ்தவர் ஆயிற்றே, உம் சுமை எங்கே வீழ்ந்தது?” என்று வினவினார். அவர் ஏளனமாக வினவினார் அல்லர். அறிய வேண்டியே வினவினார். யாமோ விருத்தத்தின் இலக்கணத்தைப் பற்றியும் உருவகத்தின் சிறப்பைப் பற்றியும் சிறிது பேசி அவ்வினாவைக் கடந்துவிட்டோம். அன்றிரவு எமக்கு உறக்கம் வந்திலது.

சுமையும் வாயிலும்

இந்நூலின் மூலக்கதை ஆங்கில நாட்டுப் பெட்போர்டு நகரையடுத்த எல்ஸ்டோவில் 1628இல் பிறந்த ஜான் பனியனுடையது. அவர் பாத்திரம் பழுது பார்க்கும் தொழிலினர். அரசின் அனுமதியின்றிப் பிரசங்கித்த காரணத்தால் 1660 முதல் 12 ஆண்டுகள் சிறையில் இருந்தார். அவருடைய நூல் 1678இல் வெளிவந்தது. தமிழ் உரைநடையில் அதனை மோட்சப் பிரயாணம் எனச் சாமுவேல் பவுல் ஐயர் தந்தனர். காப்பியமாகத் தந்தவர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை.

கதையின் தொடக்கத்தை நினைவு கூர்வோம். முதுகிற் பெருஞ்சுமையும் கையில் ஒரு புத்தகமும் உடைய ஒருவன், தன் நகரம் அழியப் போவதை அறிந்து, இரட்சிக்கப்பட என் செய்வேன் என்று கதறுகின்றான். இடுக்கமான வாயிலை நாடிச் செல்லுமாறு ஒரு நற்செய்தியாளர் அவனுக்கு வழிகாட்டுகின்றார். செல்லும் வழியில் உலக ஞானி ஒருவன் குறுக்கிட்டு, “ஏன் இத்துணைத் தொல்லை? அருகிலே நல்லொழுக்கம் என்னும் சிற்றூர் இருக்கின்றது, அங்கே சட்டவாதி என்னும் பெரியவர் உன் சுமையை எளிதில் இறக்கிவிடுவார்,” என்கின்றான். அவ்வுரையை நம்பித் திரும்பியவனுக்கு நேர்ந்தது யாது? அவ்வூருக்குச் செல்லும் வழியின்மேல் ஒரு மலை கவிந்து நிற்கின்றது. அதனினின்றும் நெருப்பு எழுகின்றது. சுமையோ முன்னிலும் மிகுந்து கனக்கின்றது.

ஒழுக்கம் தீது என்று பனியன் கூறினாரல்லர். ஒழுக்கத்தால் மட்டும் பழைய குற்றத்தின் கடன் தீராது என்பதே அவர் கருத்து. நாளை முதல் யாம் பொய் கூறோம் எனின், நேற்றுக் கூறிய பொய் எங்கே செல்லும்? ஆராய்ந்து நோக்குந்தோறும் நம் குறை பெருகிக் காண்கின்றதே அன்றிக் குறைகின்றிலது. பவுல் அப்போஸ்தலன் எபேசு சபையாருக்கு எழுதிய நிருபத்தில், இரட்சிப்பு நம் செயலால் ஈட்டப்படுவதன்று, கிருபையினாலே விசுவாசத்தின் வழியாய் அருளப்படும் ஈவு என்று விளக்குவதும் இதுவே. கிறிஸ்து நம் பாவத்தின் பாரத்தைத் தாமே சிலுவையிற் சுமந்து தீர்த்தார் என்பதே நற்செய்தி. ஆகலின் அவனுடைய சுமை அவன் கைகளால் அவிழ்க்கப்படவில்லை. சிலுவையை நோக்கி நின்ற அளவில் அது தானே கழன்று உருண்டு, திறந்த கல்லறையின் வாயில் வீழ்ந்து மறைந்தது.

கிருஷ்ண பிள்ளையின் ஐந்தாண்டு

இக்கதையைக் கிருஷ்ண பிள்ளை தம் வாழ்விலே கண்டறிந்தவர். 1827இல் திருநெல்வேலிச் சீமையின் கரையிருப்பில் வைணவ வேளாளர் குடியிற் பிறந்து, தமிழிலக்கியங்களைத் துறைபோகக் கற்றார். 1853இல் சாயர்புரத்து மிஷன் பாடசாலையிற் தமிழாசிரியராயினார். கிறிஸ்தவர் நடுவே வாழ்ந்து, அவர்தம் வேதத்தைக் கேட்டும், அவர்தம் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்தும் வந்தாரெனினும், அச்செய்தி உடனே அவருடையதாகிவிடவில்லை. நண்பர் தனுக்கோடி ராஜுவும், தம்பி முத்தையா பிள்ளையும் அவருக்கு முன்னரே விசுவாசிகளாயினர். அவரோ 1858இல், பிறந்த ஊரை விட்டுத் தொலைவிலுள்ள சென்னையில், தமது 31ஆம் வயதையொட்டி ஞானஸ்நானம் பெற்றார். செய்தியைக் கேட்டதற்கும் முதலடி எடுத்து வைத்ததற்கும் இடையே ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கடந்தன.

அவர் தம் குலத்தாரின் நன்மதிப்பையும் உறவையும் பணயமாக வைத்தே அவ்வடியை எடுத்தார். ஆயினும் தமிழை விட்டார் அல்லர். கம்பர்பால் தாம் கற்ற கவித்திறன் அனைத்தையும் கிறிஸ்துவின் அடிக்குக் காணிக்கையாக்கினார். நற்போதகம் என்னும் இதழிற் பகுதி பகுதியாக வெளிவந்த அவரது காப்பியம், ஐந்து பருவங்களில் 3700க்கு மேற்பட்ட பாடல்களோடு 1894இல் முழுநூலாயிற்று. பனியன் நூலில் விரிவாக இல்லாத கிறிஸ்துவின் பாடுகளின் வரலாற்றை அவர் தம் நூலில் விரிவாகப் பாடியது சிந்திக்கத் தக்கது. சுமை இறங்கிய இடத்தை மறவாதவரே அங்ஙனம் பாட வல்லார்.

சுவரேறி வந்தோர்

இதுகாறும் கூறியவற்றைப் படிக்கும் கிறிஸ்தவ மாணவர் சிலர், “இஃது அயலிலிருந்து வந்தோர்க்கு உரியது, யாம் அகத்தே பிறந்தவரன்றோ?” என்று எண்ணலாம். யாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணத்திற்குப் பனியன் ஒரு விடை வைத்திருக்கின்றார். சிலுவையைக் கடந்து செல்லும் யாத்திரிகன், இடப்பக்கத்துச் சுவரேறிக் குதித்து வரும் இருவரைக் காண்கின்றான். ஒருவன் பெயர் சடங்காளன். மற்றவன் பெயர் மாயக்காரன். வாயில் வழியே வாராதது ஏன் என்று யாத்திரிகன் வினவ, “எங்கள் நாட்டில் ஆயிரம் ஆண்டுகளாக இதுவே வழக்கம்; எவ்வழியாய் வந்தால் என்? இப்போது நாமும் நீரும் ஒரே பாதையில் அல்லவோ நிற்கின்றோம்?” என்பதாக அவர்கள் விடையிறுக்கின்றனர். பாதை ஒன்றே, நடையும் ஒன்றே. ஆயினும் சிலுவையடியில் அவனுக்கு அளிக்கப்பட்ட புத்தாடையும், நெற்றிக் குறியும், முத்திரையிட்ட சுருளும் அவர்களிடம் இல்லை. கடினமலை எதிர்ப்பட்டபோது அவர்கள் எளிய வழிகளை நாடிச் சென்று அழிந்தனர்.

இப்பகுதியைப் படித்தபோது எம் தோழருடைய வினா மீண்டும் எம் செவியில் ஒலித்தது. பாட்டனார் வழியே வந்த பெயரும், தந்தையார் பெற்றுத் தந்த ஞானஸ்நானமும் பெரும் பேறுகளே. அவற்றை யாம் இகழ்ந்தோமல்லேம். அவை வாயிலின் அருகே எம்மைக் கொணர்ந்து நிறுத்தின. வாயிலைத் தட்டவேண்டிய கை எம்முடையதே. நிக்கொதேமு இஸ்ரவேலருள் போதகராய் இருந்தும், மறுபடியும் பிறக்கவேண்டும் என்றே ஆண்டவர் அவருக்கு உரைத்தார்.

அகத்தே பிறந்த ஒருவர்

எம் பக்கத்து நாட்டிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. இராணிப்பேட்டையில் 1870இல் பிறந்தவர் ஐடா ஸ்கடர் அம்மையார். அவர் பாட்டனார் ஜான் ஸ்கடர் 1819இல் இலங்கைக்கு வந்த மருத்துவ மிஷனரி. தந்தையாரும் மருத்துவ மிஷனரியே. எனினும் அப்பணியை மேற்கொள்ளும் எண்ணம் இளமையில் அம்மையாருக்கு இருந்ததில்லை. 1890இல் அமெரிக்காவினின்றும் திரும்பித் திண்டிவனத்தில் பெற்றோருடன் தங்கியிருந்த காலத்து, ஓரிரவில் பிராமணர் ஒருவரும், முகம்மதியர் ஒருவரும், மற்றோர் இந்துவும் ஒருவர்பின் ஒருவராய் வந்து, மகப்பேற்றில் துன்புறும் தம் மனைவியரைக் காக்க வேண்டினர். ஆடவராகிய தந்தையாரை அழைத்துச் செல்ல அவர்கள் இசையவில்லை. மகளாரோ மருத்துவம் கல்லாதவர். விடிவதற்குள் மூன்று பெண்டிரும் இறந்தனர். அவ்விரவே ஐடா அம்மையாரின் தொடக்கம். 1899இல் கார்னெல் பல்கலைக் கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று, 1900இல் வேலூரை அடைந்தார். 1902இல் ஷெல் மருத்துவமனை எழுந்தது; 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கிற்று. இன்று வேலூரில் உலகறிய விளங்கும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி அதன் வளர்ச்சியே.

வெளியிலிருந்து வந்தவர் கிருஷ்ண பிள்ளை. மூன்றாம் தலைமுறையாக அகத்தே பிறந்தவர் ஐடா அம்மையார். இருவர்க்கும் தனித்தனியே ஒரு முதலடி வேண்டியிருந்தது. எல்லார்க்கும் அது ஒரே வகையாய் வருவதில்லை. சிலருக்கு நாளும் நாழிகையும் சொல்லத்தக்கதாய் இருக்கும். சிலருக்கு வைகறை போல் மெல்லப் புலரும். எவ்வாறு விடிந்தது என்பதனினும், விடிந்துவிட்டதா என்பதே வினாவாகும்.

முதலடிக்குப் பின்

எம் வரலாற்றையும் ஓரிரு மொழிகளிற் கூறி முடிப்போம். சென்ற விடுமுறையில் ஓரிரவு எம் வீட்டு மாடியில் தனித்து முழந்தாளிட்டு, எம் குறைகளைப் பெயர் சொல்லி அறிக்கையிட்டு, கிறிஸ்துவே எமக்குப் போதும் என்று ஒப்புக் கொடுத்தோம். ஒளியோ குரலோ எதுவும் தோன்றவில்லை. ஆயின் மறுநாட் காலை ஒன்று மட்டும் தெளிவாய் விளங்கிற்று. எம் தமையனாரோடு யாம் ஓராண்டாகப் பேசாதிருந்தோம், குற்றம் எம்முடையதே. அவர் இராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஆலையொன்றிற் கணக்கர். அன்றே புறப்பட்டுச் சென்று மன்னிப்பு வேண்டினோம்.

அவர் எம்மைத் தழுவிக்கொண்டார். பின்னர், “அண்ணா, இன்னும் எம் கோபம் முழுதும் அடங்கியபாடில்லை, எம் விசுவாசம் மெய்தானோ என்று ஐயுறுகின்றோம்,” என்று யாம் கூற, ஆலையைச் சுட்டிக் காட்டி அவர் சொல்லியது இது: “தம்பி, உப்பிட்டு வரும் பச்சைத் தோலை விலைக்கு வாங்கிய அன்றே அது ஆலைக்குச் சொந்தம். ஆனால் அன்றே அது பதமாகிவிடாது. ஊறவைத்து, சுண்ணாம்பிலிட்டு, மயிரும் சதையும் நீக்கி, பிறகுதான் பதனிடுவார்கள். முற்காலத்தில் ஆவாரம் பட்டையிற் பல நாள் கிடக்கும். தோல் தன்னைத் தானே பதனிட்டுக்கொள்வதில்லை. தொழிலாளியின் கையை விட்டு ஓடாமலிருந்தாற் போதும்.”

வேத சாஸ்திரிகள் நீதிமானாக்கப்படுதல் என்றும், பரிசுத்தமாக்கப்படுதல் என்றும் பிரித்துக் கூறும் இரண்டையும் யாம் அவ்வாலை வாயிலில் விளங்கிக்கொண்டோம். முன்னது ஒரு நாளின் ஈவு. பின்னது ஆயுள் முழுதும் நிகழும் வேலை. இரண்டும் ஒருவர் கையினவே. பனியன் கதையிலும் சிலுவைக்கு முன்னுள்ள வழி சிறிது, பின்னுள்ள வழியே பெரிது. கிருஷ்ண பிள்ளைக்கும் 1858இல் தொடங்கிய வழி, காப்பியம் நிறைவுற்ற 1894க்கு அப்பாலும், 1900இல் அவர் மறையும்வரை நீண்டது. நாடோறும் வேதம் வாசித்தலும், ஜெபமும், திருச்சபையின் ஐக்கியமும், பிறர்க்குத் தொண்டு செய்தலும் அவ்வழிக்குரிய உணவு. அவை சுமையை இறக்கும் விலை அல்ல. சுமை இறங்கியோன் நடப்பதற்குரிய வலிமை.

விடுமுறை முடிந்து கல்லூரிக்குத் திரும்பியதும் எம் தோழரைக் கண்டு, அவர் வினாவுக்கு அன்று சொல்லாத விடையைச் சொன்னோம். அவர் பொறுமையுடன் கேட்டு, “அன்று இலக்கணம் சொன்னீர், இன்று பொருள் சொல்கின்றீர்,” என்றார். அவர் தம் நெறியில் நிற்கின்றார். எம் நட்பும் முன்போலவே நிலைத்திருக்கின்றது. ஆயினும் அவருடைய வினா எமக்குச் செய்த நன்மையை யாம் என்றும் மறவேம். எம்மைப் போலவே நிலையத்தருகே பிறந்து வளர்ந்த உடன் மாணவர்காள்! வண்டிகளின் நேரம் நமக்கு நன்கு தெரியும். பயணச் சீட்டின் விலையும் நமக்காகச் செலுத்தப்பட்டுவிட்டது. இனி ஏறுவதே எஞ்சியுள்ளது. அம்முதலடிக்கு ஆண்டவர் நம் ஒவ்வொருவர்க்கும் அருள் புரிவாராக.