ஒன்பது வாரம் முடிந்த பிறகு

பெங்களூரில் அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் எங்கள் தெரு இருக்கிறது. தெருவில் பாதிப் பேர் தமிழ் பேசுகிறவர்கள். எங்கள் எழுத்தறிவு மையம் இரவு 7 மணிக்குத் தொடங்கும். அங்கே எழுதப் படிக்கக் கற்ற பெண்களில் 11 பேர், 2024 ஜனவரியில் ஓடவும் கற்றுக்கொண்டார்கள்.

ஆமாம், ஓடத்தான். சிரிக்காதீர்கள். முதலில் தெருவே சிரித்தது. "யாரு துரத்துறாங்க?" என்று டீக்கடையில் கேட்டார்கள். 10 நாளில் கேட்டவர்களுக்கே அலுத்துவிட்டது.

எப்படித் தொடங்கியது என்று சொல்கிறேன். ஒரு நாள் மையத்துக்குச் செவிலியர் ஒருவர் வந்தார். எல்லோருக்கும் ரத்தத்தில் சர்க்கரை பார்த்தார். 4 பேருக்கு அதிகமாக இருந்தது. அவர்களில் ஒருவர் கார்மென்ட்ஸ் அக்கா. துணி தைக்கும் கம்பெனியில் காலை முதல் மாலை வரை மெஷின் முன்னால் உட்கார்ந்தே இருப்பவர். வயது 46. "மாத்திரை மட்டும் போதாது. உடம்பு அசைய வேண்டும்" என்றார் செவிலியர்.

அப்போதுதான் 9 வார ஓட்டப் பயிற்சி பற்றி எங்களுக்குத் தெரிய வந்தது. ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் 1996இல் உருவாக்கிய முறை அது. அவருடைய அம்மாவும் ஓட வேண்டும் என்பதற்காக அதை எழுதினார். வாரம் 3 நாள். முதல் வாரம் 1 நிமிடம் ஓட வேண்டும், ஒன்றரை நிமிடம் நடக்க வேண்டும். மாற்றி மாற்றி 20 நிமிடம். வாரம் போகப் போக ஓட்டம் கூடும், நடை குறையும். ஒன்பதாம் வாரம் 30 நிமிடம் நிற்காமல் ஓட வேண்டும்.

விசில் ஊதுவது என் வேலை. பள்ளியில் கோ-கோ ஆடியவள் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. செல்போனில் நேரம் பார்ப்பேன். ஒரு விசில் என்றால் ஓட்டம். இரண்டு விசில் என்றால் நடை. செவ்வாய், வியாழன், சனி. காலை ஐந்தரை மணி. பக்கத்து மைதானம்.

ஐந்தாம் வாரத்தின் மூன்றாம் நாளை மறக்க முடியாது. அன்று முதல் முறையாக 20 நிமிடம் நிற்காமல் ஓட வேண்டும். முந்தின இரவு பாதிப் பேருக்குத் தூக்கமே இல்லை. ஆனால் 11 பேரும் ஓடி முடித்தார்கள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிய ஒரு பாட்டியும் முடித்தார்.

மார்ச் 9ஆம் தேதி ஒன்பதாம் வாரம் முடிந்தது. 30 நிமிடம் ஓடினோம். கேசரி கிண்டிச் சாப்பிட்டோம். போட்டோ எடுத்தோம்.

அடுத்த செவ்வாய் 6 பேர் வந்தார்கள். அதற்கு அடுத்த வாரம் 2 பேர். ஏப்ரலில் ஒருவரும் வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், நானும் போகவில்லை.

அந்தக் கோடையில் பெங்களூரில் பெரிய தண்ணீர்ப் பஞ்சம். 2024 மார்ச்சில் பல இடங்களில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றிவிட்டன. விடியற்காலையில் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தோம். அந்த நேரத்தில் ஓட்டமாவது ஒன்றாவது என்று விட்டுவிட்டோம். அதில் தப்பில்லை. ஆனால் பிறகு மழை வந்தது. குழாயில் பழையபடி தண்ணீர் வந்தது. ஓட்டம் மட்டும் திரும்பி வரவில்லை.

ஜூலையில் செவிலியர் மறுபடி வந்தார். கார்மென்ட்ஸ் அக்காவுக்கு ஜனவரியில் வெறும் வயிற்றில் சர்க்கரை 186 இருந்தது. மார்ச்சில் 134 ஆகக் குறைந்திருந்தது. இப்போது 179. அக்கா அந்தச் சீட்டைத் தானே படித்தார். எழுத்துக் கூட்டாமல், ஒரே மூச்சில் படித்தார். பிறகு மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை.

அன்று இரவு அவர் வீட்டுக்குப் போனேன். என்னைவிட 20 வயது மூத்தவர். ஆனாலும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

"ஏங்க்கா ஓட்டத்தை விட்டுட்டீங்க? பிடிக்கலையா?" என்று கேட்டேன்.

"பிடிக்காம என்னா டீச்சர்? அஞ்சு மணிக்கு முழிப்பு வந்துடுது. படுத்துக்கிட்டே யோசிக்கிறேன். இன்னைக்கு எவ்ளோ நேரம் ஓடணும்? தெரியல. யாரு வருவாங்க? தெரியல. நான் மட்டும் போயி நின்னா என்னா பண்றது? அப்படியே ஆறு மணி ஆயிடுது."

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் சொன்னார். "நீங்க விசில் ஊதல. நாங்க ஓடல."

எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னது சரி. 9 வாரமும் யோசிக்கிற வேலையை நான் செய்தேன். எந்த நாள், எத்தனை நிமிடம், எப்போது நிற்பது, எல்லாம் விசிலில் இருந்தது. ஓடுவதற்குக் கால் பழகியது. தாங்களே முடிவு செய்யப் பழகவில்லை. பயிற்சி முடிந்த அன்றே நாளும் போனது, கணக்கும் போனது, கூட்டமும் போனது. அக்காவுக்கு ஆசை குறையவில்லை. ஏற்பாடுதான் இல்லாமல் போனது.

உங்களுக்கு இது புதிது இல்லை. எழுத்துப் பாடநூலை முடித்த அன்று எவ்வளவு சந்தோஷப்பட்டீர்கள்! அதற்குப் பிறகு 3 மாதம் புத்தகத்தையே தொடாதவர்கள் உண்டு. பஸ்ஸின் பெயர்ப் பலகையைப் படிக்க மறுபடி தடுமாறியவர்களும் உண்டு. இந்தத் தொடர் நூல்கள் வருவதே அதனால்தான். ஓட்டத்துக்கு அப்படி ஒரு தொடர் நூல் கிடையாது. அதை நாமே போட வேண்டியிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். முதலில் எந்த நாள் ஓடுவது என்ற பேச்சு வந்தது. எங்கள் தெருவில் காவேரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். தண்ணீர் வரும் காலையில் யாராலும் நகர முடியாது. போன தடவை செவ்வாய், வியாழன், சனி என்று நான் போட்ட கணக்கு அதனால்தான் பலருக்குச் சிரமமாக இருந்தது. பிள்ளைகளைக் குழாயடியில் நிறுத்திவிட்டு வந்திருக்கிறார்கள். என்னிடம் யாரும் சொல்லவில்லை.

பாட்டிதான் வழி சொன்னார். "தண்ணி வராத நாளு ஓடுற நாளு. இதுக்கு எதுக்குடி இவ்ளோ பேச்சு?"

அதோடு முடிந்தது. காலண்டர்கூடப் பார்க்க வேண்டாம். நேற்றுக் குடம் நிறைந்ததா? இன்று ஓட வேண்டும்.

பாட்டி சொன்னது உடம்புக்கும் பொருந்துகிறது. ஓடும்போது கால் தசைகள் ரத்தத்தில் உள்ள சர்க்கரையை எடுத்துச் செலவு செய்கின்றன. ஓடி முடித்த பிறகும் அந்தப் பலன் ஒரு நாள், சிலருக்கு இரண்டு நாள் வரை இருக்கும். பிறகு மறைந்துவிடும். சர்க்கரை உள்ளவர்கள் சேர்ந்தாற்போல் 2 நாளுக்கு மேல் சும்மா இருக்கக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். மூச்சும் அப்படித்தான். 2, 3 வாரம் நிறுத்தினால் பழைய தூரத்துக்கே மூச்சு வாங்கும்.

அடுத்தது, எவ்வளவு ஓடுவது. 4 மாதம் விட்டவர்கள் மறுபடி 30 நிமிடத்தில் தொடங்கக் கூடாது. அப்படித் தொடங்கினால் கால் வலிக்கும், மனமும் விட்டுப்போகும். நாங்கள் மூன்றாம் வாரப் பயிற்சிக்குத் திரும்பிப் போனோம். ஒன்றரை நிமிடம், 3 நிமிடம் ஓட்டம். நடுவில் நடை. சிலருக்கு இது அவமானமாக இருந்தது. "பாஸ் ஆனவளை மறுபடி கீழ் வகுப்பில போடுறீங்களே" என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். ஆனால் முதல் தடவை 9 வாரம் ஆனது, இந்தத் தடவை 5 வாரத்தில் முடிந்தது. கற்ற கால் முழுதாக மறப்பதில்லை.

30 நிமிடம் வந்த பிறகு அதைக் கூட்டவில்லை. வேகத்தையும் கூட்டவில்லை. ஒவ்வொரு தடவையும் முந்தின தடவையைவிட வேகமாக ஓட வேண்டும் என்று நினைப்பது பெரிய தொல்லை. எங்களில் ஒருவர் அப்படி ஓடி, முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் வலி வந்து 3 வாரம் உட்கார்ந்துவிட்டார். ஓடிக்கொண்டே பக்கத்தில் வருபவரிடம் பேச முடிய வேண்டும். பேச்சு வரவில்லை என்றால் வேகம் அதிகம்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன கணக்கு ஒன்று இருக்கிறது. பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் விரைவாக நடக்க வேண்டும். அல்லது 75 நிமிடம் ஓட வேண்டும். 3 நாள், நாளுக்கு 25 நிமிடம் ஓடினால் அந்த 75 வந்துவிடும். அதற்கு மேல் ஓடுவது உங்கள் விருப்பம்.

துணை வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். 11 பேரும் மொத்தமாகச் சேர்வது என்று வைத்தால் ஒருவர் வராதது யாருக்கும் தெரியாது. அதனால் இரண்டிரண்டு பேராகப் பிரிந்தோம். ஒருவர் மற்றவர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். கார்மென்ட்ஸ் அக்காவுக்குப் பாட்டி ஜோடி. பாட்டி கதவைத் தட்டினால் முழுத் தெருவும் எழுந்துவிடும்! ஒற்றைப்படையில் மிஞ்சியவருக்கு நான் ஜோடி. அவர் கதவைத் தட்டினேன்.

விசிலை எடுத்துப்போகவில்லை. வேண்டுமென்றேதான். முதல் வாரம் எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். பிறகு அவரவர் செல்போனில் நேரம் வைக்கக் கற்றுக்கொண்டார்கள்.

கார்மென்ட்ஸ் அக்கா ஒரு 40 பக்க நோட்டு வாங்கினார். ஓடிய நாளில் தேதி, நிமிடம், ஒரு வரி. முதல் வரி "பனி. கால் கனம்" என்று இருந்தது. இன்னொரு நாள் "நாய் துரத்தியது. வேகம் அதிகம்" என்று எழுதியிருந்தார். ஓடாத நாளில் காரணம் எழுதுவார். "மகளுக்குக் காய்ச்சல்." "ஓவர்டைம்." "சோம்பல்." சோம்பல் என்று எழுதக் கூச்சப்பட்டு அடுத்த நாள் ஓடிவிடுவாராம்.

எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று நினைக்க வேண்டாம். டிசம்பர் குளிரில் கூட்டம் குறைந்தது. ஒருவர் வீடு மாற்றிப் போனார். இருவருக்கு ஓட்டம் பிடிக்கவேயில்லை, இப்போது நடக்கிறார்கள். அதுவும் நல்லதுதான். ஒருவர் முழுக்க நின்றுவிட்டார். 2025 ஜனவரியில் ஓடிக்கொண்டிருந்தவர்கள் 7 பேர். அப்போது அக்காவின் சர்க்கரை 128.

போட்டியில் சேரலாமா என்றும் ஒருவர் கேட்டார். பெங்களூரில் 2008இல் தொடங்கிய பெரிய 10 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்று இருக்கிறது. சேர்வது தப்பில்லை. ஒரு தேதி கண் முன்னால் இருந்தால் கால் எழும். ஆனால் போட்டி முடிந்த மறுநாள் என்ன? மறுபடி கேசரி, போட்டோ, தூக்கம்தான். மறுநாளைக்கும் சேர்த்து யோசித்துவிட்டுச் சேருங்கள்.

இதில் எனக்குப் பிடித்தவர் ஃபௌஜா சிங். பஞ்சாபில் ஜலந்தர் பக்கம் பியாஸ் பிண்ட் என்ற கிராமத்தில் 1911இல் பிறந்தவர். விவசாயி. சிறு வயதில் கால்களில் பலம் இல்லை. 5 வயது வரை நடக்கவில்லை. 1994இல் மகனைப் பறிகொடுத்தார். லண்டனில் இன்னொரு மகனுடன் இருந்தார். துக்கத்தை ஆற்ற ஓடத் தொடங்கினார். 2000இல், 89 வயதில், லண்டன் மாரத்தான் ஓடினார். மாரத்தான் என்றால் 42 கிலோமீட்டருக்கும் அதிகம். 2011இல், 100 வயதில், கனடாவில் டொரன்டோ மாரத்தானையும் ஓடி முடித்தார். ஆனால் அது கின்னஸ் புத்தகத்தில் ஏறவில்லை. அவரிடம் பிறப்புச் சான்றிதழ் இல்லை. 1911இல் அந்தக் கிராமத்தில் யார் எழுதி வைத்தார்கள்?

அவருடைய கடைசிப் போட்டி 2013இல் ஹாங்காங்கில் நடந்தது. அதற்குப் பிறகு அவருக்குப் போட்டி இல்லை. ஆனாலும் நடையை விடவில்லை. பல வருடம் நடந்தார். 2025 ஜூலையில் சொந்த ஊர்ப் பக்கம் சாலையில் வாகனம் மோதி இறந்தார். அப்போது வயது 114.

இதைக் கேட்ட பாட்டி, "அவரை விட நான் சின்னவ" என்றார். பிறகு, "இனிமே யாரும் ரோட்டுல ஓடாதீங்கடி" என்றார். நாங்கள் மைதானத்தில்தான் ஓடுகிறோம். மைதானம் இல்லாத ஊரில் இருப்பவர்கள், வண்டி எதிரே வரும் பக்கமாக ஓடுங்கள். இருட்டில் வெள்ளைத் துணி போடுங்கள்.

சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். முந்தானையில் 2 மிட்டாய் முடிந்துகொள்ளுங்கள். கை நடுங்கி வியர்த்தால் உடனே வாயில் போட வேண்டும். ஓடி முடித்ததும் பாதத்தில் புண், கொப்புளம் இருக்கிறதா என்று பாருங்கள். நெஞ்சு வலித்தால் நின்றுவிடுங்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பேசுவோம்

கார்மென்ட்ஸ் அக்கா ஓட்டத்தை விட்டதற்குத் தண்ணீர்ப் பஞ்சம் மட்டும்தான் காரணமா?

உங்கள் வீட்டில் காலையில் உங்களுக்கென்று அரை மணி நேரம் கிடைக்குமா? கிடைக்க யார் என்ன வேலை செய்ய வேண்டும்?

நீங்கள் ஆசையாகத் தொடங்கிப் பாதியில் விட்ட ஒன்றைச் சொல்லுங்கள். விட்ட அன்று என்ன நடந்தது?

எழுதுவோம்

ஒரு தாளில் கோடு போட்டு நான்கு கட்டம் பிரியுங்கள். முதல் கட்டத்தில் நாள். இரண்டாவதில் எத்தனை நிமிடம். மூன்றாவதில் யாருடன். நான்காவதில் ஒரு வரி. நாளைக்கு உரிய முதல் மூன்று கட்டங்களை இன்று இரவே நிரப்புங்கள். நான்காவதை ஓடிவிட்டு வந்து எழுதுங்கள்.