சாவியைக் கையில் வாங்கும் முன்: தாய்லாந்தில் வண்டி ஓட்டப் போகும் பிள்ளைகளுக்கு

தாய்லாந்துக்குப் போகும் நம் பிள்ளைகளில் பலர் இறங்கிய மறுநாளே வாடகை ஸ்கூட்டரில் ஏறிவிடுகிறார்கள். புக்கெட், சாமுய், சியாங் மாய், பாய் என்று எங்கே போனாலும் தெருவுக்குத் தெரு வாடகைக் கடை இருக்கிறது. குழுக்களை அழைத்துப் போகும் வேலையில் நெடுங்காலமாக இருப்பவன் நான். அந்த ஊர் ஆஸ்பத்திரி வராந்தாக்களில் நம் வீட்டுப் பிள்ளைகளுக்காகக் காத்திருந்தவன். அங்கே திரும்பத் திரும்பக் கண்டது ஒன்றுதான்: விழுந்த பிறகு கிடைக்கும் சிகிச்சையில் பெரும்பகுதி, சாவியை வாங்குவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1. நமக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்பதுதான் நமக்குள்ள முதல் ஆபத்து. தாய்லாந்திலும் சாலையின் இடப்பக்கம்தான் போக வேண்டும். வண்டியும் நம் ஆக்டிவா மாதிரியே கியர் இல்லாத வண்டி. ஐரோப்பாவிலிருந்து வருபவர்கள் பயந்து பயந்து ஓட்டுகிற இடத்தில் நாம் ஊர் நினைப்பில் போய்விடுகிறோம். நம் ஊர் நெரிசலில் முப்பது, நாற்பதுக்கு மேல் போக வழியில்லை. அங்கே நாலு வழிச் சாலை வெறிச்சென்று கிடக்கும், ஸ்கூட்டர் தன்னாலே எண்பதைத் தொடும். நடுவில் தடுப்பு திறந்திருக்கும் இடத்தில் லாரி யூ டர்ன் அடிக்கும். இடது ஓரத்தில் எதிர்த்திசையில் உள்ளூர்க்காரர் வருவார். 2016-ஆம் ஆண்டுக்கு உலக சுகாதார நிறுவனம் போட்ட கணக்கில், தாய்லாந்தில் லட்சம் பேருக்கு சுமார் 33 பேர் சாலையில் இறந்தார்கள். அதில் முக்கால்வாசிப் பேர் இரண்டு, மூன்று சக்கர வண்டிகளில் போனவர்கள். சிறு வயதிலிருந்தே ஸ்கூட்டரில் வளர்ந்தவர்களுக்கே இந்தக் கதி. முதல் நாள் சின்னச் சந்துகளில் மட்டும் ஓட்டுங்கள். இருட்டிய பிறகு ஓட்டவே வேண்டாம்.

2. லைசென்ஸை ஊரிலேயே சரிசெய்துகொண்டு கிளம்புங்கள். சர்வதேச ஓட்டுநர் அனுமதியை நம் ஆர்.டி.ஓ. அலுவலகம்தான் தரும். ஒரு வருஷம் செல்லும். வெளிநாட்டில் இறங்கிய பிறகு அங்கே வாங்க முடியாது. உங்கள் லைசென்ஸில் கார் மட்டும் இருந்தால், அதை வைத்து வாங்கும் அனுமதியிலும் கார் மட்டும்தான் இருக்கும். இருசக்கர வண்டிப் பிரிவு பதிவாகியிருக்கிறதா என்று எழுத்தைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். கடைக்காரர் லைசென்ஸ் கேட்காமலே வண்டி கொடுப்பார், அவருக்கு வாடகை வந்தால் போதும். கேட்கப்போவது சோதனைச் சாவடிப் போலீசும், பிறகு இன்சூரன்ஸ் கம்பெனியும்தான்.

வியட்நாம் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தியா தரும் அனுமதி 1949 ஜெனீவா ஒப்பந்தப்படியானது. வியட்நாம் ஏற்பது 1968 வியன்னா ஒப்பந்தப்படியானதை. ஆகவே நம் அனுமதியைக் காட்டி அங்கே பெரிய வண்டி ஓட்டினால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாகத்தான் கணக்கு. போதாததற்கு அங்கே வலப்பக்கப் போக்குவரத்து. ஹா ஜியாங் மலைப்பாதை பார்க்க ஆசையென்றால் உள்ளூர் ஓட்டுநரின் பின்னால் உட்கார்ந்து போங்கள். அதில் ஒரு குறைச்சலும் இல்லை.

3. இன்சூரன்ஸ் பத்திரத்தில் விலக்குகள் என்ற பக்கத்தை முதலில் படியுங்கள். டிக்கெட்டோடு சேர்த்து விற்கும் மலிவான பாலிசிகளைப் பலர் எடுக்கிறார்கள். அவற்றில் பலவற்றில் மூன்று நிபந்தனைகள் இருக்கும்: அந்த வண்டிக்கு உரிய லைசென்ஸ், தலையில் ஹெல்மெட், உடம்பில் மது இல்லாமை. சிலவற்றில் வண்டியின் சி.சி. அளவுக்கு வரம்பு உண்டு. இன்னும் சிலவற்றில் இருசக்கர வண்டியே கிடையாது. புரியாவிட்டால் கம்பெனிக்கு மெயில் போட்டு, “தாய்லாந்தில் 125 சி.சி. வாடகை ஸ்கூட்டர் ஓட்டினால் செல்லுமா?” என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை உதவாது. மருத்துவச் செலவுக்கு 50,000 டாலருக்குக் குறைந்து எடுக்க வேண்டாம் என்பது என் எண்ணம். தலைக்காயம் ஒன்று ஐ.சி.யு.வில் கழிக்கும் நாட்களைப் பார்த்தவர்களுக்கு அது பெரிய தொகையாகத் தோன்றாது.

தாய்லாந்தில் ஒவ்வொரு வண்டிக்கும் கட்டாயக் காப்பீடு ஒன்று இருக்க வேண்டும். அங்கே அதை ‘பொ ரொ பொ’ என்பார்கள். யார் மேல் தவறு என்று பார்க்காமல், முதல்கட்ட மருத்துவச் செலவுக்கு 30,000 பாத் வரை அது தரும். வாடகைக்கு எடுக்கும்போதே அது காலாவதியாகவில்லையா என்று பார்த்து, நகலை போனில் படம் பிடித்துவையுங்கள்.

4. பாஸ்போர்ட்டை அடமானமாகக் கொடுக்காதீர்கள். நகலும் கொஞ்சம் முன்பணமும் கொடுங்கள். ஒத்துக்கொள்ளாத கடையை விட்டு அடுத்த கடைக்கு நடங்கள். ஆஸ்பத்திரியில் சேர்க்கிற ராத்திரி முதலில் கேட்பது பாஸ்போர்ட்டைத்தான். அப்போது கடை பூட்டியிருக்கும். வண்டியைச் சுற்றி வீடியோ எடுங்கள், இரண்டு பிரேக்கும் டயரும் விளக்கும் பாருங்கள், போதும்.

5. ஹெல்மெட்டை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் பாதித் தலையை மூடும் தொளதொளத்த ஓடு. வார் அறுந்திருக்கும் அல்லது கொக்கி பிடிக்காது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 2008-இல் வெளியிட்ட முடிவின்படி, ஹெல்மெட் சாவின் வாய்ப்பை 42 சதவீதமும் தலைக்காயத்தின் வாய்ப்பை 69 சதவீதமும் குறைக்கிறது. விழுகிற வேகத்தில் கழன்று பறந்துவிடும் ஓட்டிலிருந்து அந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது. ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள முழு முக ஹெல்மெட் உங்களிடம் இருக்கும், அதையே எடுத்துப்போங்கள். இல்லையென்றால் தாய்லாந்தின் டி.ஐ.எஸ். 369 தர முத்திரை பார்த்து அங்கேயே வாங்குங்கள். நாள் வாடகைக் கணக்கில் அதன் விலை பெரிதாகத் தெரியும், தெரியட்டும். பின்னால் உட்கார்கிறவருக்கும் ஒன்று வேண்டும்.

தங்கச்சிகளுக்கு: துப்பட்டா, சரோங் போன்ற தொங்கும் துணியைக் கட்டிக்கொண்டு ஏறாதீர்கள், சக்கரம் இழுத்துக்கொள்ளும். கடற்கரையிலிருந்து வந்தாலும் காலுக்கு ஷூ, உடம்புக்கு முழு பேன்ட்.

6. இறக்கத்தை மதியுங்கள். புக்கெட்டில் கத்துவிலிருந்து பதோங் போகிற மலைச்சாலை செங்குத்தானது. சியாங் மாயிலிருந்து பாய் போகும் 1095-ஆம் நெடுஞ்சாலையில் 762 வளைவுகள். அந்த எண்ணைச் சட்டையில் அச்சடித்து விற்கிறார்கள். கியர் இல்லாத ஸ்கூட்டரில் வேகம் மிகவும் குறைந்து ஆக்சிலரேட்டரும் மூடியிருந்தால் கிளட்ச் விட்டுவிடும். இன்ஜினின் பிடிமானம் போய் வண்டி சும்மா உருளும். அப்போது முழுச் சுமையும் பிரேக் மேல்தான். ஒரே பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். விட்டு விட்டு, இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள். வளைவுக்குள் போன பிறகு பிடிக்காதீர்கள், முன்னதாகவே வேகத்தைக் குறைத்துவிட்டு உள்ளே போங்கள். புக்கெட்டில் மே முதல் அக்டோபர் வரை மழை, சாமுய்யில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மழை பெய்யத் தொடங்கிய முதல் கால் மணி நேரம் சாலையின் எண்ணெயும் தூசியும் சேர்ந்து வழுக்கும். வெள்ளைக் கோடுகள் எப்போதுமே வழுக்கும். ஒரு கடையில் ஒதுங்கி டீ குடித்துவிட்டுப் போங்கள்.

7. குடித்தால் ஓட்டாதீர்கள். அங்கே சட்ட வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம். ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதித்தால் அந்த அளவு ஏட்டில் ஏறும், ஏடு இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போகும்.

8. உங்கள் ரத்த வகையைத் தெரிந்துகொள்ளுங்கள். இதை நான் மிகவும் வற்புறுத்துவேன். இந்தியாவில் ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்து பேர் ஆர்.ஹெச். நெகட்டிவ். தாய்லாந்து மக்களில் ஆயிரத்துக்கு மூன்று பேர்தான். நம் ஊரில் பி நெகட்டிவ் என்றால் வாட்ஸப்பில் ஒரு செய்தி போட்டால் யாராவது வருவார்கள். ஒரு தீவில் நடுராத்திரி அடிபட்டவருக்கு நெகட்டிவ் ரத்தம் கிடைப்பது வேறு கதை. நெகட்டிவ் ஆனவர்கள் குழுவில் வெளிப்படையாகச் சொல்லிவையுங்கள். இன்னொரு நெகட்டிவ் ஆள் கூடவே வந்திருக்கக்கூடும்.

ரத்த வகை, ஒவ்வாமை, சாப்பிடும் மாத்திரை, வீட்டு எண், பாலிசி எண், கம்பெனியின் 24 மணி நேர உதவி எண் எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் எழுதி போன் உறைக்குள் வையுங்கள். போன் பூட்டியிருந்தாலும் உடைந்தாலும் காகிதம் பேசும்.

9. யாராவது விழுந்தால், முதலில் பின்னால் வரும் வண்டிகளை நிறுத்துங்கள். ஒருவர் ஓடிப்போய்க் கை காட்ட வேண்டும். அவசர மருத்துவ எண் 1669. ஆங்கிலத்தில் பேச்சு நடக்கவில்லை என்றால் சுற்றுலாப் போலீசின் 1155. எல்லாவற்றையும்விட நல்லது, பக்கத்துக் கடையிலிருக்கும் அக்காவிடம் போனைக் கொடுத்து இடத்தைத் தாய் மொழியில் சொல்லச் சொல்வது. வந்து நிற்பது ஆம்புலன்ஸாக இல்லாமல் விளக்கு வைத்த பிக்கப் வண்டியாகவும் இருக்கலாம், பயப்படாதீர்கள். பாங்காக்கில் போ தெக் துங், ருவாம் கதன்யூ, புக்கெட்டில் குசொன்தாம் போன்ற அறக்கட்டளைகளின் தொண்டர்கள் அவர்கள். சாலையில் அடிபட்டவர்களைத் தூக்குவதே அவர்கள் செய்யும் புண்ணிய காரியம்.

அதுவரை ரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள், எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். கழுத்து அசையக்கூடாது. மூச்சு சரியாக இருந்தால் ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். மூச்சு முட்டினால் மட்டும் இருவர் சேர்ந்து, ஒருவர் தலையையும் கழுத்தையும் தாங்க மற்றவர் மெல்ல உருவ வேண்டும். நம் ஆட்கள் பாசத்தில் உட்காரவைத்து, முகத்தில் தண்ணீர் அடித்து, சோடா கொடுப்பார்கள். வேண்டாம். மயக்க மருந்து கொடுத்து அறுவை செய்ய நேர்ந்தால் வயிற்றில் இருக்கும் அந்த சோடாவே ஆபத்து.

10. “எனக்கு ஒண்ணுமில்லண்ணே” என்பவரை நம்பாதீர்கள். தலையில் அடிபட்டுச் சில நொடி மயங்கி எழுந்தவர் சிரித்துப் பேசுவார், ரூமுக்குப் போய்ப் படுப்பார். மண்டை ஓட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவில் கசியும் ரத்தம் சில மணி நேரம் கழித்துத்தான் மூளையை நெருக்கும். நண்பர்கள் அவர் தூங்குவதாக நினைப்பார்கள். தலைவலி ஏறிக்கொண்டே போனால், திரும்பத் திரும்ப வாந்தி வந்தால், பேச்சு குழறினால், ஒரு கண் பாப்பா பெரிதாகத் தெரிந்தால், மூக்கிலோ காதிலோ தண்ணீர் மாதிரி வடிந்தால் அந்த நிமிஷமே சி.டி. ஸ்கேன் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். நேரத்தோடு மண்டையைத் திறந்து ரத்தத்தை எடுத்தால் பிழைத்து எழுந்து நடக்கிற காயம் இது. அதனால்தான் அந்தத் தூக்கம் என்னை இத்தனை கலங்கவைக்கிறது. ஹேண்டில் பார் வயிற்றில் குத்தியவருக்கும் இதே எச்சரிக்கை. அடிபட்டது வயிற்றில், வலிப்பது இடது தோள்பட்டை என்றால் மண்ணீரல் கிழிந்திருக்கலாம். வலிக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின், இபுப்ரூஃபன் ரத்தக் கசிவைக் கூட்டும்.

தீவுகளில் இருப்பவர்கள் தூரத்தையும் கணக்கில் வைக்க வேண்டும். தாவோ தீவில் பெரிய அறுவைக்கு வசதி இல்லை. படகேறி சாமுய்க்கோ சூரத் தானிக்கோ போயாக வேண்டும், நவம்பர் கடலில் அந்தப் படகு சில நாட்களில் கிளம்பவே கிளம்பாது. அந்த மாதிரி இடத்தில் நான் பிள்ளைகளை ஸ்கூட்டர் எடுக்க விடுவதில்லை.

11. சிராய்ப்பையும் சூட்டுக் காயத்தையும் அலட்சியம் செய்யாதீர்கள். வலப்பக்கமாக இறங்கும்போது சைலன்சர் கெண்டைக்காலில் பட்டுவிடும். இருபது நிமிஷம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பேஸ்ட், இங்க், மஞ்சள் எதுவும் பூசாதீர்கள். சிராய்ப்பில் ஒட்டிய மண்ணைச் சுத்தமான தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், டெட்டனஸ் ஊசி போடுங்கள், ஆறும்வரை கடலில் இறங்காதீர்கள். துரத்தி வந்த நாய் கடித்தால் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றே வெறிநாய்க்கடி ஊசிக்குப் போங்கள்.

12. உயிருக்குப் போராடுகிறவருக்கு ஆஸ்பத்திரி தேடி அலையாதீர்கள். புக்கெட்டின் வச்சிரா, சியாங் மாயின் மகாராஜ் நகோன் போன்ற அரசுப் பெரிய ஆஸ்பத்திரிகள் இந்த விபத்துகளை அன்றாடம் பார்ப்பவை. தனியாரில் ஆங்கிலம் பேசுவார்கள், வசதி இருக்கும், முன்பணமோ இன்சூரன்ஸ் கம்பெனியின் உத்தரவாதக் கடிதமோ கேட்பார்கள். அதனால் ஆள் உள்ளே போனதுமே, வெளியே இருப்பவர் கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட வேண்டும். விடிந்து பார்க்கலாம் என்று விடாதீர்கள். பாங்காக் இந்தியத் தூதரகமும் சியாங் மாய் துணைத் தூதரகமும் குடும்பத்துக்குத் தகவல் சொல்லும், காகிதங்களுக்கு உதவும். பில்லைக் கட்டுவது பொதுவாக அவர்கள் வேலை அல்ல. 2009-இல் தொடங்கிய இந்தியச் சமூக நல நிதி, மிகவும் வழியற்றவர்களுக்கு மட்டும்.

13. ஊர் திரும்பும் அவசரம் புரிகிறது. அம்மா அழுவார், விடுப்பு முடிந்திருக்கும். ஆனாலும் நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்திருந்தால், அல்லது மண்டைக்குள் காற்றோ ரத்தமோ இருந்தால், டாக்டர் எழுதிக் கொடுக்காமல் விமானம் ஏறக்கூடாது. மேலே போகப் போக அந்தக் காற்று விரியும். மாவுக்கட்டு போட்டு 48 மணி நேரம் ஆகவில்லை என்றால் கட்டைப் பிளந்துவிட்டுத்தான் பல விமான நிறுவனங்கள் ஏற்றும். உள்ளே கால் வீங்கினால் ரத்த ஓட்டம் நிற்கும். ஸ்ட்ரெச்சரில் போக வேண்டியவருக்குப் பல இருக்கைகளின் கட்டணம் ஆகும், அது பாலிசியில் இருக்கிறதா என்று புறப்படும் முன்பே பார்த்திருக்க வேண்டும். அசல் பில், டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் படங்கள் உள்ள சி.டி., போலீஸ் அறிக்கை நான்கையும் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற மூன்றும் இன்சூரன்ஸுக்கு, அந்த சி.டி. இங்கே உங்களைப் பார்க்கப்போகும் எலும்பு டாக்டருக்கு.