கைக்கெட்டும் கரும்பலகை

வகுப்பறையை அழகாக்கச் சொன்னால், சுவரில் சோட்டா பீம் வரைய ஆள் தேடுகிறோம். மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுப்பவள் நான். பீமைப் பிள்ளைகள் ரெண்டு நாள் பார்ப்பார்கள். அப்புறம் அது வெறும் சுவர். அவர்களை ஒட்டவைப்பதெல்லாம் நம் இடுப்புக்குக் கீழேதான் இருக்கிறது.

2003-ல் சென்னை மாநகராட்சி 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கியது. அப்போது ஆணையராக இருந்த விஜயகுமார் ரிஷிவேலிப் பள்ளியின் முறையைப் பார்த்துக் கொண்டுவந்தது அது. பிறகு மாநிலம் முழுக்கப் போனது. இன்று 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்துவிட்டது. பழைய முறையின் கற்றல் ஏணிப்படி, அட்டையெல்லாம் போய்விட்டன. பிள்ளைகள் கைக்கெட்டும் கீழ்மட்டக் கரும்பலகையையும், அவர்கள் வரைந்த படங்களைத் தொங்கவிடும் கம்பிப் பந்தலையும் மட்டும் நான் விடவில்லை. பலகையில் ஆளுக்கொரு கட்டம், மேலே பெயர். சேர்ந்த அன்றே சாக்பீஸைக் கையில் கொடுத்துவிடுவேன். "இது என் எடம்டா!" என்று பக்கத்துப் பையனைத் தள்ளினால், பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் பழகிவிட்டான் என்று அர்த்தம்.

1939-ல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த மரியா மாண்டிசோரி வலியுறுத்தியதும் இதைத்தான்: பொருளெல்லாம் பிள்ளை கைக்கு எட்ட வேண்டும். அதற்கு மாண்டிசோரி பள்ளி என்று லட்ச ரூபாய் ஃபீஸ் எதற்கு? ரங்கநாதன் தெருவில் நாலு பாய் வாங்கினால் பாதி வேலை முடிந்தது.

ஜூன் மாத அழுகைக்கு வருவோம். "பாத்ரூம் போயிட்டு வரேன்" என்று அம்மா நழுவுவதை நான் அனுமதிப்பதில்லை. பிள்ளை அன்று முழுக்க வாசலையே பார்க்கும். மாடவீதியில் பூ விற்கும் ஓர் அம்மாவிடம், "சாயந்திரம் பெல் அடிச்சதும் வருவேன்னு சொல்லிட்டுப் போங்க" என்றேன். மகள் அழுதாள்தான். கம்பிப் பந்தலில் படம் கட்ட நூலை நீட்டினேன். பூக்கட்டும் முடிச்சைச் சரசரவென்று போட்டாள். மற்றதுகள் அவளைச் சுற்றி உட்கார்ந்து கற்றுக்கொண்டன. எனக்கு இன்னும் அது வரவில்லை.

"இன்னா மிஸ்" என்றால் முதல் மாதம் திருத்தாதீர்கள். வீட்டுப் பேச்சை வாசலிலேயே கழற்றிவைக்கச் சொன்னால், பிள்ளை வாயே திறக்காது.

கடைசியாக, யாரும் பயிற்சியில் சொல்லாதது. முதல் நாளே எல்லாரையும் கழிப்பறைக்குக் கூட்டிப்போய்த் தாழ்ப்பாளைப் போட்டுத் திறந்து காட்டுங்கள். அலமாரியில் ரெண்டு மாற்று டிராயர் இருக்கட்டும். தேவைப்பட்டால் சத்தம் போடாமல் கொடுங்கள். அம்மாவிடம் சொல்வதுகூடப் பிள்ளை காதில் விழ வேண்டாம்.