உப்புக்கரைசலின் மின்பகுப்பு: அனோட்டைத் தெரிவு செய்தல்

மாணவர்களே, கல்முனையில் உங்கள் வீட்டுக் குழாய்நீரில் கிருமிகளை அழிக்கும் குளோரீன், உப்பிலிருந்தே பெறப்படுகின்றது. ஆனையிறவு உப்பைக் கொண்டு பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை குளோரீனையும் எரிசோடாவையும் உற்பத்தி செய்தது. 1980களில் போர்ச் சூழலால் அவ்வுற்பத்தி நின்றுபோனது.

செறிந்த சோடியம் குளோரைட்டுக் கரைசலை மின்பகுக்கும்போது:

அனோட்டில்: குளோரைட்டு அயன்கள் இலத்திரன்களை இழந்து குளோரீன் வாயுவாகும்.
கதோட்டில்: நீர் இலத்திரன்களை ஏற்று ஐதரசன் வாயுவையும் ஐதரொட்சைட்டு அயன்களையும் தரும்.

காரீய அனோட்டின் குறைபாடு

அனோட்டில் சிறிதளவு ஒட்சிசனும் உண்டாகும். அது காரீயத்தைக் காபனீரொட்சைட்டாக மாற்றித் தேயச் செய்யும். அப்போது மின்வாய்களுக்கு இடையிலான தூரம் கூடும். எனவே தடையும் மின்செலவும் கூடும்.

தீர்வு

1960களில் ஹென்றி பீர் என்பவர் தைத்தேனியத்தின் மீது உருத்தேனியம், தைத்தேனியம் ஆகியவற்றின் ஒட்சைட்டுக் கலவையைப் பூசினார். உருத்தேனியம் ஒட்சைட்டு ஊக்கியாகத் தொழிற்படும். இவ்வனோட்டு நீண்டகாலம் வடிவம் மாறாதிருக்கும். பூச்சு கரைவதைக் குறைக்கப் பின்னர் இரிடியம் ஒட்சைட்டும் சேர்க்கப்பட்டது. தைத்தேனியத்தின் தாதுவான இல்மனைற்று நமது புல்மோட்டைக் கடற்கரை மணலிலும் உண்டு.

கவனிக்க: ஊக்கி மின்சக்தியின் தேவையை நீக்குவதில்லை. தாக்கத்துக்கு அவசியமான இழிவு அழுத்தத்துக்கு மேலாகச் செலவாகும் அழுத்தத்தையே அது குறைக்கின்றது.

வினா: பூச்சில்லாத தைத்தேனியத்தை அனோட்டாகப் பயன்படுத்த முடியாதது ஏன்?

விடை: அதன் மேற்பரப்பில் மின்னை நன்கு கடத்தாத ஒட்சைட்டுப் படலம் உண்டாகி மின்னோட்டத்தைத் தடுக்கும்.